ஒரு விதைப் பொட்டலம் யாருடையது? பயிர் மரபு வளக் கொள்கை விவாதத்துக்குள் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பயிர்களின் மரபு வளம் பற்றிய கொள்கை விவாதத்துக்குள் புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே நான்கு கூற்றுகளைக் கேட்டுவிடுவார். விதை மனிதகுலத்தின் பொதுப் பாரம்பரியம் என்பார் ஒருவர். அது தோன்றிய நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்பார் இன்னொருவர். புதிய ரகத்தை உருவாக்கியவருக்கே உரியது என்று ஒரு தரப்பும், தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காத்த உழவருக்கே உரியது என்று மற்றொரு தரப்பும் வாதாடும். நான்கும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், நான்குக்கும் எழுத்து வடிவில் ஏதோ ஒரு சட்டச் சான்று இருக்கிறது என்பதுதான் புதியவரைத் திகைக்க வைக்கும் செய்தி.

இந்தத் திகைப்பிலிருந்து வெளியேறுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, கூற்றுகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு குறிப்பிட்ட விதைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொள்வதுதான். அது என்ன பயிர், எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் சேகரிக்கப்பட்டது, யார் எந்த ஆவணத்துடன் கொடுத்தார்கள், பெற்றவர் அதை எதற்காகப் பயன்படுத்தப் போகிறார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அந்தப் பொட்டலத்துக்கு எந்தக் கூற்று பொருந்தும் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த ஐந்து கேள்விகளையும் கேட்கப் பழக்குவதற்காக எழுதப்பட்டவை.

முதல் படி: பொருளை அறிந்துகொள்ளுங்கள்

மரபு வளம் என்ற சொல் இங்கே நான்கு வகைப் பொருள்களைக் குறிக்கிறது. உழவர்களின் வயல்களில் நீண்ட காலத் தேர்வால் உருவான நாட்டு ரகங்கள், பயிர்களின் காட்டு உறவினங்கள், ஆராய்ச்சி நிலையங்களில் பாதி வழியில் இருக்கும் கலப்பு வரிசைகள், சந்தையில் விற்கப்படும் நவீன ரகங்கள் ஆகியவையே அவை. விவாதத்தில் பேசுவோர் பெரும்பாலும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எனவே யாராவது "விதை" என்று பொதுவாகச் சொன்னால், இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு நெல்லின் வரலாற்றில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. புகையான் பூச்சி பரப்பும் புல்தழைக் குட்டை நோய் ஆசிய வயல்களை வாட்டிய காலத்தில், பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ் நகரில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. எதிர்ப்புத் திறன் கிடைத்தது ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில்தான். அது உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்டது. அந்தக் காட்டுச் செடியின் மரபணுதான் பின்னர் பல நாடுகளின் வயல்களில் பரவிய ரகங்களுக்குள் சென்றது. மறுபுறம், 1970-இல் அமெரிக்காவின் மக்காச்சோளப் பயிரில் பெரும்பகுதி ஒரே வகை ஆண்மலட்டு சைட்டோபிளாசத்தை (மகரந்தம் உண்டாகாமல் செய்யும் செல்லுள் பொருளை) கொண்டிருந்ததால், ஒரு இலைக்கருகல் பூஞ்சை அவ்வாண்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டை அழித்துவிட்டது. பன்மை ஏன் தேவை என்பதற்கு நெல்லும், பன்மை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளமும் சான்று.

இவற்றிலிருந்து இன்னொன்றும் விளங்கும். எந்த நாடும் தன் எல்லைக்குள் உள்ள மரபு வளத்தை மட்டும் வைத்துக்கொண்டு தன் வேளாண்மையை நடத்திவிட முடியாது. மருந்துச் செடி ஒன்றுக்கு ஒரு நாடு, ஒரு நிறுவனம் என்று இருவர் உட்கார்ந்து பேரம் பேசலாம். ஆனால் ஒரு கோதுமை ரகத்தின் வம்சாவளியில் பல நாடுகளின் மூதாதையர்கள் இருப்பார்கள். அவற்றுள் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கணக்குப் பார்ப்பது நடைமுறையில் இயலாத காரியம். பயிர்களுக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்று ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள வேலையைப் பாருங்கள்

கொள்கை பேசுவோரில் பலர் ஒரு மரபணு வங்கிக்குள் கால் வைத்ததில்லை. வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். பல வாதங்களின் எடை அங்கே மாறிவிடும். உலர்த்தலையும் குளிரையும் தாங்கும் விதைகளைக் குறைந்த ஈரப்பதத்துக்கு உலர்த்தி, காற்றுப் புகாத உறைகளில் அடைத்து, சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அதன் பிறகும் வேலை முடிவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் முளைப்புத் திறனைச் சோதிக்க வேண்டும். அது குறைந்தால் மீண்டும் வயலில் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். எடுக்கும்போது அயல் மகரந்தம் கலந்துவிடாமல் காக்க வேண்டும். மா, பலா, கொக்கோ, ரப்பர் போன்றவற்றின் விதைகள் உலர்த்தினால் செத்துவிடும். அவற்றை உயிருள்ள மரங்களாகத் தோட்டங்களில்தான் வளர்க்க வேண்டும். அல்லது திசுக்களைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழை ஆகியவற்றின் ரகங்களை மாறாமல் காக்க விதை பயன்படாது; சோதனைக் குழாயில் வளர்க்கும் நாற்றுகள் தேவை.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகின் மரபணு வங்கிகளில் சுமார் 74 லட்சம் மாதிரிகள் இருந்தன. அவற்றில் கால் பங்கிலிருந்து முப்பது விழுக்காடு வரை மட்டுமே தனித்தன்மை உடையவை, மற்றவை இரட்டைப் பிரதிகள். எண்ணிக்கையைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நகரமான லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டபோது விதைச் சேமிப்பில் கை வைக்காமல் பட்டினியால் இறந்த விஞ்ஞானிகளின் கதை புதியவர்களை ஈர்ப்பது இயல்பு. ஆயினும் சேமிப்புகளை மெல்ல மெல்ல அழிப்பது கட்டப்படாத மின்கட்டணமும், ஆள் இல்லாததால் தள்ளிப்போடப்படும் மறுவிதைப்பும்தான். பேரிடர்களும் உண்டு: பிலிப்பைன்ஸின் தேசிய மரபணு வங்கி 2006-இல் புயல் வெள்ளத்தாலும் 2012-இல் தீயாலும் பாதிக்கப்பட்டது, ஈராக்கின் அபு கிரைப் வங்கி 2003-இல் சூறையாடப்பட்டது.

நார்வேயின் ஆர்க்டிக் தீவுகளில் உள்ள ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்தைப் பற்றி ஒரு தவறான கருத்து பரவலாக உள்ளதால் அதையும் இங்கேயே நீக்கிவிடலாம். 2008 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தக் காப்பகத்தில் உள்ள விதைகள் நார்வேக்குச் சொந்தமானவை அல்ல. வைத்தவருக்கே சொந்தம், வைத்தவர் மட்டுமே திரும்ப எடுக்க முடியும். முதன்முதலில் அப்படி எடுத்தது, சிரியாவின் அலெப்போ அருகே இருந்த இகார்டா என்னும் பன்னாட்டு வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி மையம். போரால் தன் வங்கியை இயக்க முடியாமல் போனதால் 2015-இல் அது தன் பிரதிகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் மீண்டும் ஒரு தொகுதியை அங்கேயே கொண்டு வைத்தது.

வங்கிக்கு வெளியே, வயலிலேயே காப்பது தனி வழி. பெருவின் கூஸ்கோ பகுதியில் பிசாக் அருகே உள்ள உருளைக்கிழங்குப் பூங்காவின் பழங்குடிச் சமூகங்கள், லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்துடன் 2004-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முன்னர் சேகரித்துச் செல்லப்பட்ட தங்கள் ரகங்களைத் திரும்பப் பெற்று மீண்டும் பயிரிட்டன. வங்கியா வயலா என்ற சண்டையில் தரப்பு எடுக்க நினைப்பவர் இந்த எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகவே இருந்தன.

மூன்றாம் படி: பொட்டலத்தின் மீது தேதியை எழுதுங்கள்

இந்தத் துறையில் ஒரே விதை, சேகரிக்கப்பட்ட ஆண்டைப் பொறுத்து வெவ்வேறு சட்ட நிலையைப் பெறுகிறது. அதனால் சில தேதிகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

நெடுங்காலம் விதைகள் கேட்பாரின்றிப் பயணம் செய்தன. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். இலங்கையிலும் மலாயாவிலும் எழுந்த ரப்பர்த் தோட்டங்கள் அவற்றின் வழி வந்தவை. இன்று இதைத் திருட்டு என்று சொல்பவர் உண்டு, அன்றைக்கு அதைத் தடுக்கும் சட்டம் இல்லை என்பவரும் உண்டு. அந்தக் கசப்பு மட்டும் பேச்சுவார்த்தை மேசைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

1983-இல் உணவு வேளாண் அமைப்பு, தாவர மரபு வளங்கள் மனிதகுலத்தின் பாரம்பரியம், தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையின் மீது ஒரு பன்னாட்டு உறுதிமொழியை ஏற்றது. அது சட்டப்படி கட்டுப்படுத்தாத ஆவணம். நவீன ரகங்களையும் அது பொதுவில் சேர்த்ததால் செல்வந்த நாடுகள் சில முகம் சுளித்தன. நாட்டு ரகங்கள் இலவசமாகவும் அவற்றிலிருந்து பிறந்த ரகங்கள் விலைக்குமாக இருப்பது என்ன நியாயம் என்று வளரும் நாடுகள் கேட்டன. 1989-இலும் 1991-இலும் நிறைவேற்றப்பட்ட தீர்மானங்கள் ரக உருவாக்குநரின் உரிமை, உழவர் உரிமை, நாடுகளின் இறையாண்மை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தன. பொதுப் பாரம்பரியம் என்ற கூற்றை இன்று சட்டமாக மேற்கோள் காட்டுபவர், தெரிந்தோ தெரியாமலோ, 1991-க்கு முந்தைய உலகில் நிற்கிறார்.

அடுத்த தேதி 1993 டிசம்பர் 29. அன்றுதான் ரியோவில் 1992-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உயிரியல் பன்மை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆம் பிரிவு, மரபு வளத்தை அணுக அனுமதிக்கும் அதிகாரம் நாட்டின் அரசுக்கே உரியது என்று சொல்கிறது. அறிந்து அளிக்கும் முன்ஒப்புதலும், இருதரப்பும் ஏற்ற நிபந்தனைகளும் தேவை என்கிறது. ஆனால் அது பின்னோக்கிச் செல்வதில்லை. அந்தத் தேதிக்கு முன்பே வேறு நாட்டு வங்கிக்குப் போய்விட்ட விதைகள் அதன் பிடிக்குள் வரவில்லை. முன்னே சொன்ன நெல் நிலையம், இகார்டா போன்ற பன்னாட்டு ஆராய்ச்சி மையங்களின் பெரும் சேமிப்புகள் இப்படித்தான் சட்ட வெற்றிடத்தில் நின்றன. 1994-இல் அவை உணவு வேளாண் அமைப்புடன் உடன்பாடு செய்துகொண்டு, உலகச் சமூகத்துக்கான அறக்காப்பாக அவற்றை வைத்திருப்பதாக அறிவித்தன.

2001 நவம்பரில் ஏற்கப்பட்ட உணவுக்கும் வேளாண்மைக்குமான தாவர மரபு வளப் பன்னாட்டு உடன்படிக்கை 2004 ஜூன் 29-இல் நடைமுறைக்கு வந்தது. பயிர் வல்லுநர்கள் சுருக்கமாக "ஒப்பந்தம்" என்றோ "விதை ஒப்பந்தம்" என்றோ சொல்வது இதைத்தான். மரபு வளத்தை அணுகுவது, அதன் பயனைப் பகிர்வது ஆகியவை பற்றி உயிரியல் பன்மை உடன்படிக்கைக்குத் துணையாக 2010-இல் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறை 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நாடு எதில் உறுப்பினர் என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். அமெரிக்கா உயிரியல் பன்மை உடன்படிக்கையில் உறுப்பினர் இல்லை; விதை ஒப்பந்தத்தில் உறுப்பினர். இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: பயிர்ப் பட்டியலையும் ஒப்பந்தத் தாளையும் திறந்து படியுங்கள்

விதை ஒப்பந்தத்தின் இதயம் அதன் பலதரப்பு முறைமை. உறுப்பு நாடுகள் சில பயிர்களின் மரபு வளத்தைப் பொதுக் குளமாக்கி, தனித்தனிப் பேரம் இல்லாமல் ஒரே தரப்படுத்திய ஒப்பந்தத்தின் கீழ் பரிமாறிக்கொள்கின்றன. குளத்தில் எவை உண்டு என்பதை முதலாம் இணைப்புப் பட்டியல் சொல்கிறது: மொத்தம் 64 பயிர்கள், அவற்றில் 35 உணவுப் பயிர்கள், 29 தீவனப் பயிர்கள்.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நெல், கோதுமை, சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, கொண்டைக்கடலை, வாழை, தென்னை எல்லாம் இருக்கும். சோயா இல்லை, நிலக்கடலை இல்லை, கரும்பு இல்லை, எண்ணெய்ப்பனை இல்லை. கத்தரி உள்ளே, தக்காளி வெளியே. மக்காச்சோளம் இருக்கிறது, ஆனால் அதன் காட்டு உறவினங்கள் சில பெயர் சொல்லி விலக்கப்பட்டுள்ளன. மரவள்ளியில் பயிரிடப்படும் இனம் மட்டுமே உண்டு. தாவரவியல் காரணம் தேடினால் கிடைக்காது. எது உணவுப் பாதுகாப்புக்கு முக்கியம், எதில் நாடுகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பன அறிவிக்கப்பட்ட அளவுகோல்கள். எந்த நாடு எந்தப் பயிரைப் பேரத்துக்காகக் கையில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பது அறிவிக்கப்படாத அளவுகோல்.

பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அரசின் நிர்வாகத்திலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும், தனியுரிமைக்கு உட்படாத மாதிரிகள்தாம் தாமாகக் குளத்துக்குள் வருகின்றன. ஓர் உழவரின் குதிரில் உள்ள நெல், பயிர் பட்டியலில் இருப்பதாலேயே பொதுவாகிவிடாது. மறுதலையாக, பன்னாட்டு மையங்கள் ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் தம் சேமிப்பை ஒப்படைத்திருப்பதால், பட்டியலில் இல்லாத நிலக்கடலையைக்கூட அவை அதே தரப்படுத்திய ஒப்பந்தத்தில் கொடுக்கின்றன. நிலக்கடலை மாதிரி ஒன்றை ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள பன்னாட்டு மையத்திடம் கேட்பதும், ஏதோ ஒரு நாட்டின் தேசிய வங்கியிடம் கேட்பதும் இருவேறு வாசல்கள். யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை நான் தனியாக வலியுறுத்துவது இதனால்தான்.

இனி அந்தத் தாள். 2006-இல் மாட்ரிட்டில் ஏற்கப்பட்ட தரப்படுத்திய பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தைச் சுருக்கங்களில் படிக்காமல் முழுமையாகப் படியுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். உணவுக்கும் வேளாண்மைக்குமான ஆராய்ச்சி, ரக உருவாக்கம், பயிற்சி ஆகியவற்றுக்கு மட்டுமே விதையைப் பயன்படுத்தலாம். மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு அல்ல. பெற்ற வடிவிலேயே அந்தப் பொருளின் மீது, பிறர் அணுகுவதைத் தடுக்கும் அறிவுசார் சொத்துரிமை எதையும் கோரக் கூடாது. "பெற்ற வடிவில்" என்ற இரண்டு சொற்கள் மீது நடந்த வாதங்களுக்கு அளவில்லை: விதையிலிருந்து பிரித்தெடுத்த மரபணு, பெற்ற வடிவில் உள்ளதா, வேறு வடிவமா? ஒப்பந்தம் நேரடியாக விடை சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் சொல்லியிருந்தால் கையெழுத்தே ஆகியிருக்காது.

பணம் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. பெற்ற விதையைக் கொண்டு உருவாக்கிய ரகத்தை, பிறர் மேலும் ஆராய்ச்சிக்கும் ரக உருவாக்கத்துக்கும் பயன்படுத்த முடியாதவாறு கட்டுப்படுத்தி விற்றால், விற்பனையில் 1.1 விழுக்காட்டை, அதில் 30 விழுக்காடு கழித்து, அதாவது 0.77 விழுக்காட்டைப் பயன் பகிர்வு நிதிக்குச் செலுத்த வேண்டும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் செலுத்துவது விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. கொடுத்த நாட்டுக்குப் பணம் நேரே போவதில்லை; பொது நிதிக்குப் போய், வளரும் நாடுகளின் உழவர்களுக்கான திட்டங்களாகத் திரும்பும். ஏட்டில் அழகான ஏற்பாடு. நடைமுறையில், ஒரு ரகம் உருவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதாலும், நிறுவனங்கள் கட்டாயம் இல்லாத வழிகளைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதாலும், பயனாளர்களிடமிருந்து வந்த தொகை மிகச் சொற்பம். நிதி பெரிதும் அரசுகளின் கொடையையே நம்பியிருந்தது. தன் நாட்டில் விற்கும் விதையின் மதிப்பில் 0.1 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை நார்வே தானாக முன்வந்து தந்தது அதில் ஒன்று.

இந்தக் குறையைச் சரிசெய்ய 2013-இல் தொடங்கிய பேச்சுவார்த்தை, பட்டியலை எல்லாப் பயிர்களுக்கும் விரிப்பது, அதற்கு ஈடாகச் சந்தா முறையில் முன்கூட்டியே பணம் பெறுவது என்ற இணைக்கோரிக்கைகளைச் சுற்றி நடந்து, 2019-இல் ரோமில் முறிந்தது. 2022-இல் புது தில்லிக் கூட்டத்தில் மீண்டும் தொடங்கியது. பட்டியலை விரிக்க மறுப்பவரைக் குறுகிய மனத்தினர் என்று ஏசுமுன், முதல் குளத்துக்கே வாக்களித்த பணம் வரவில்லை என்ற அவர்களின் கணக்கையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: உரிமை என்ற சொல்லைப் பிரித்துப் பழகுங்கள்

"விதைக்குக் காப்புரிமை" என்று செய்தித்தாள்கள் எழுதும்போது அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது தாவர ரகப் பாதுகாப்பு. 1961-இல் தோன்றிய யூபோவ் (புதிய தாவர ரகங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம்) உடன்படிக்கை இதன் தாய். புதுமை, தனித்தன்மை, ஒருமை, நிலைத்தன்மை ஆகிய நான்கும் உள்ள ரகத்துக்கு இது கிடைக்கும். பாதுகாக்கப்பட்ட ரகத்தைக் கொண்டு வேறொருவர் புது ரகம் உருவாக்கத் தடையில்லை என்பது இதன் உயிர்நாடி. ஒருமையும் நிலைத்தன்மையும் தேவை என்பதால், இயல்பிலேயே பல்வகைப்பட்ட நாட்டு ரகங்கள் இந்த வாசலுக்குள் நுழைவது கடினம் என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது உண்மையான காப்புரிமை. இதில் பல நாடுகளில் அந்த ரக உருவாக்க விலக்கு இல்லை, உழவருக்கான விலக்கும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல், காப்புரிமை பெற்ற சோயாவின் விதையைத் தானியக் கிடங்கிலிருந்து வாங்கி விதைத்துப் பெருக்கிய உழவருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்பாடு, 27.3(ஆ) பிரிவில், தாவர ரகங்களுக்குக் காப்புரிமையாலோ, தகுந்த தனிவகைச் சட்டத்தாலோ, இரண்டும் சேர்ந்தோ பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது. அந்தத் "தனிவகைச் சட்டம்" என்ற சிறு இடைவெளியைப் பயன்படுத்தித்தான் இந்தியா 2001-இல் தாவர ரகங்களையும் உழவர் உரிமைகளையும் ஒரே சட்டத்தில் சேர்த்தது. மூன்றாவது வெறும் ஒப்பந்தம்: விதைப் பையைத் திறந்தாலே நிபந்தனைகளை ஏற்றதாகும் என்ற அச்சு வரிகள். இறையாண்மை என்பது இவற்றுள் எதுவும் இல்லை. அது அணுகலை அனுமதிக்கும் அதிகாரம், சொத்துரிமை அல்ல.

உழவர் உரிமையைப் பற்றிப் பேசும்போது விதை ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மரபறிவைக் காத்தல், பயனில் நியாயமான பங்கு, முடிவெடுப்பதில் பங்கேற்பு ஆகியவற்றை அது சொல்கிறது. சேமித்த விதையை வைத்துக்கொள்ளவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உள்ள உரிமையைக் குறைக்கும்படி அதைப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. கூடவே "தேசியச் சட்டத்துக்கு உட்பட்டு" என்று ஒரு சிறு தொடர் வரும். முழு உரிமையும் அந்தத் தொடரின் மீதுதான் தொங்குகிறது. ஆகவே ஒரு நாட்டில் உழவர் உரிமை உண்டா என்று கேட்பவர் பன்னாட்டு உடன்படிக்கையைப் படித்துப் பயனில்லை. அந்த நாட்டின் விதைச் சட்டத்தையும், அது யூபோவின் 1978 வடிவில் சேர்ந்ததா 1991 வடிவில் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். 1991 வடிவில் உழவரின் விதைச் சேமிப்பு, நாடு விரும்பினால் தன் நிலத்துக்கு மட்டும் அனுமதிக்கக்கூடிய ஒரு விலக்காகச் சுருங்கிவிடுகிறது.

ஆறாம் படி: பொட்டலமே இல்லாத நிலையையும் நினைத்துப் பாருங்கள்

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு பொருள் கைமாறுகிறது என்ற அடிப்படையில் நிற்பவை. 2014-இல் 3,000 நெல் மாதிரிகளின் முழு மரபணு வரிசை பொதுவெளியில் வெளியிடப்பட்டது. அதைப் பயன்படுத்துபவர் எந்த விதையையும் பெறவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. கொள்கை மொழியில் இது எண்மின் வரிசைத் தகவல் எனப்படுகிறது. அணுகல் திறந்தே இருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் கோரிக்கை. திறந்திருந்தால் பயன் பகிர்வு விதிகள் எல்லாம் ஓட்டைப் பானையாகிவிடும் என்பது வளம் தரும் நாடுகளின் அச்சம். இரண்டும் நியாயமான கவலைகள் என்றே நான் நினைக்கிறேன்.

உயிரியல் பன்மை உடன்படிக்கையின் உறுப்பினர்கள் 2022 டிசம்பரில் மொன்ட்ரியாலில் இதற்கென ஒரு பலதரப்பு ஏற்பாட்டை ஏற்றனர். 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் அதற்கான நிதியை வடிவமைத்தனர். இத்தகவலால் பயனடையும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு செலுத்த வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட சுட்டு அளவு. தமிழில் "வேண்டும்" என்று எழுதும்போது கட்டாயம் போலத் தெரிகிறது. மூல உரையில் இருப்பது பரிந்துரைக்கும் சொல்.

ஏழாம் படி: கூட்ட ஆவணங்களைப் படிக்கும் முறை

விதை ஒப்பந்தத்துக்கு ரோம், உயிரியல் பன்மைக்கு மொன்ட்ரியால், அறிவுசார் சொத்துரிமைக்கும் யூபோவுக்கும் ஜெனீவா என்று தலைநகரங்கள் பிரிந்திருப்பதால், ஒரே நாட்டின் வேளாண் அமைச்சகமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் வணிக அமைச்சகமும் மூன்று ஊர்களில் மூன்று நிலைப்பாடுகள் எடுப்பதைக் காணலாம். 2024 மே மாதம் ஜெனீவாவில், காப்புரிமை விண்ணப்பத்தில் மரபு வளத்தின் தோற்ற நாட்டை வெளியிடக் கோரும் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவுகளில் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை உடன்பாடு எட்டாத சொற்கள். அறிக்கைகளை விட்டுவிட்டு அடைப்புக்குறிகளை மட்டும் ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டம் வரை பின்தொடர்ந்தாலே, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது புரியும்.

எட்டாம் படி: ஒரு மஞ்சள் பீன்ஸ் பொட்டலத்தில் பழகிப் பாருங்கள்

1994-இல் ஓர் அமெரிக்கர் மெக்சிகோவில் ஒரு பை பீன்ஸ் விதை வாங்கினார். அதிலிருந்து மஞ்சள் விதைகளைப் பொறுக்கி, சில பருவங்கள் விதைத்து ஒரு சீராக்கி, 1999-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்; "எனோலா" என்ற பெயரில் அறியப்பட்ட அதைக் கொண்டு, மெக்சிகோவிலிருந்து மஞ்சள் பீன்ஸ் இறக்குமதி செய்வோர் மீது வழக்கும் தொடுத்தார். கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம், தன் வங்கியில் மஞ்சள் பீன்ஸ் மாதிரிகள் ஏற்கெனவே பல இருப்பதைக் காட்டி 2000-இல் ஆட்சேபித்தது. காப்புரிமை 2008-இல் காப்புரிமை அலுவலக அளவில் நிராகரிக்கப்பட்டு, 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவாக வீழ்ந்தது.

ஐந்து கேள்விகளையும் இதன் மீது போட்டுப் பாருங்கள். பயிர் முதலாம் இணைப்பில் உள்ளது. ஆனால் 1994-இல் அந்த ஒப்பந்தமே பிறக்கவில்லை. வந்தது மெக்சிகோவிலிருந்து, உயிரியல் பன்மை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பிறகு. ஆனால் போய்ச் சேர்ந்த நாடு அதில் உறுப்பினர் இல்லை. கொடுத்தது மரபணு வங்கி அல்ல, ஆகவே கூட வந்த தாள் எதுவும் இல்லை. எனவே பொதுப் பாரம்பரியம், இறையாண்மை, உழவர் உரிமை ஆகிய எதுவும் அந்த வழக்கில் உதவவில்லை. உதவியது, "இது புதியதல்ல" என்ற காப்புரிமைச் சட்டத்தின் சாதாரண விதியும், அதை நிறுவ வங்கியில் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்த மாதிரிகளும்தான். அதற்கும் ஏறத்தாழ பத்தாண்டு பிடித்தது. அதுவரை காப்புரிமை செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது.

அதே பை இன்று கைமாறினால் என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். மெக்சிகோ நகோயா நெறிமுறையில் உறுப்பினர். ஆனால் வாங்கும்போது அது உணவுப் பொருள். ஆராய்ச்சிக்காக அதை முதன்முதலில் விதைக்கும் நாளில்தான் மரபு வளமாக மாறுகிறது. ஒப்புதல் எந்த நாளில் கேட்கப்பட வேண்டும், யாரிடம், எல்லை தாண்டிவிட்ட பிறகு அதை யார் கண்காணிப்பார்கள் என்ற கேள்விகளுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. ஏதேனும் இரண்டு நாடுகளின் சட்டங்களை எடுத்து, இந்த ஒரு பையை அவற்றின் வழியே நடத்திச் சென்று, எந்த இடத்தில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்துக்கு அந்தப் பயிற்சி போதும்.